சாலையை அவசியமாக்கியவர்

பாலகோபால் மாவு மில் வைக்க முடிவு செய்தபோது அவர் வாயில் எல்லாப் பற்களும் இருந்தன.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆலை நொடித்துப் பூட்டியபோது கொடுத்ததை வாங்கிக்கொண்டு, போத்தனூர் ஜங்ஷனைத் தாண்டித் தெற்கே, கரட்டுப்பாளையம் பேரூராட்சியில் புதிதாகப் பிரித்து விற்ற மனைகளில் ஒன்றை வாங்கினார். முன்னால் மில், பின்னால் இரண்டு அறை வீடு என்று திட்டம். யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், தன் கால் அங்கே இருந்ததற்காக மன்னிப்புக் கேட்பார்.

இது உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மறு வருடம், தொண்ணூற்றேழில் நடந்தது.

அந்தப் பகுதியில் மில் இல்லை. பெண்கள் மிளகாயும் அரிசியும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போத்தனூர் போய் அரைத்துவந்தார்கள். அதனால் மில் ஓடும் என்று அவர் மனைவி வெங்கடலட்சுமி சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போத்தனூரில் ஒர்க்ஷாப் வைத்திருந்த பஷீர் பழைய மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல்ட் மாட்டி, ஓட்டியும் காட்டிவிட்டார். பேரூராட்சி அனுமதி ஒன்றுதான் பாக்கி.

செயல் அலுவலர் நஞ்சப்பன் மென்மையான மனிதர். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. மனுவைப் படித்துவிட்டு, பாலகோபாலை உட்காரச் சொன்னார்.

“ஏனுங்க, ஒரு நாளைக்கு எத்தனை பேர் அரைக்க வருவாங்க?”

“ஒரு அம்பது பேர் வந்தாப் போதுமுங்க.”

“வர்றப்ப அரிசியோட வருவாங்க. போறப்ப மாவோட போவாங்க.”

“ஆமாங்க.”

“எடை குறையாது. அப்ப ரோடு வர்றப்பவும் தேயும், போறப்பவும் தேயும்.” நஞ்சப்பன் பேனாவை மூடினார். “பாருங்க, அந்த ரோடு இன்னைக்கு இருக்கற சனத்துக்குப் போதும். நீங்க வந்துட்டீங்கன்னா போதாது. அந்தப் போதாமையை யார் கொண்டு வர்றாங்க? நீங்க. அதனால ரோட்டை மேம்படுத்தற கட்டணமும் உங்களுது. புதுசா வர்றவங்க எல்லாத்துக்கும் இதுதான் இனி விதி. நீங்கதான் முதல் ஆளு.”

“இப்பவே அந்த ரோட்டுல குழியாத்தானுங்களே கெடக்குது?”

“கெடக்குது. அது இருக்கறவங்களுக்கான குழிங்க. அவங்களுக்கு அது போதும்.”

பாலகோபால் எழுந்து கும்பிட்டார். பிறகு போய், ஆலையில் கொடுத்த தொகையில் மிச்சம் இருந்ததைக் கட்டிவிட்டார்.

மில் திறந்த வாரம் பொக்லைன் வந்தது. சாலையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குத் தோண்டியது. அது மேம்பாட்டின் முதல் கட்டம் என்றார்கள். இரண்டாம் கட்டத்துக்கு முன் பொக்லைனுக்கு வேறு ஊரில் வேலை வந்துவிட்டது. ஆனால் பேரூராட்சி தன் கடமையை மறக்கவில்லை. சாலை தொடங்கும் இடத்தில் நீல நிறப் பலகை ஒன்றை நட்டார்கள். ‘இச்சாலையின் மேம்பாட்டை அவசியமாக்கியவர்: திரு. இரா. பாலகோபால், மாவு மில்’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே மில் இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறி.

தன் பெயர் அச்செழுத்தில் இருப்பதைப் பாலகோபால் அதுவரை பார்த்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் வந்தவர் ஒரு பால்காரர். வேட்டியில் சேறு, முழங்காலில் ரத்தம், கையில் நசுங்கிய கேன்.

“நீங்கதானுங்களா பாலகோபால்?”

“ஆமாங்க. என்ன அரைக்கோணுமுங்க?”

பால்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டு ஓங்கி அறைந்தார். பாலகோபால் மாவுச் சல்லடையின் மேல் போய் விழுந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் பால்காரர். “ஒரு கேன் பாலும் குழிக்குள்ள போச்சுங்க. வண்டி ஃபோர்க்கு வளைஞ்சுபோச்சு.”

“என்னைய என்னத்துக்குங்க அடிக்கறீங்க?”

“போர்டுல உங்க பேருதானுங்களே போட்டிருக்குது.”

பாலகோபால் யோசித்துப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். நஞ்சப்பன் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“அடிச்சவர் உங்க மேல விரோதம் உள்ளவருங்களா?”

“இல்லீங்க. முன்னப்பின்ன பாத்ததில்லை.”

“அப்ப அது அடி இல்லீங்க, விளைவு. காரணம் எங்க இருக்குதோ அங்கதான் விளைவு போகும். நாங்க வழிதான் காட்டறோம்.”

அடுத்த வாரம் சென்னிமலையிலிருந்து நிச்சயதார்த்தத்துக்கு வந்த வேன் ஒன்று இடதுபக்கக் குழிக்குள் சாய்ந்தது. பெண்ணின் தாய்மாமனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வேனில் இருந்த ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தார்கள். அரைக்க வந்த பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வந்தவர்களில் மூத்தவர் அவர்களைப் பார்த்து, “அம்மணிங்களா, சித்த அக்கட்டால போய் நில்லுங்க. மேல பட்டுரப் போகுது,” என்றார். அவர்கள் விலகி நின்றதும் ஜாக்கி லீவரால் பாலகோபாலின் வாயில் அடித்தார்.

முன்பற்கள் இரண்டு தெறித்து மாவுக்குள் விழுந்தன. மற்றவர்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். விலாவில், முதுகில், தொடையில் உதைத்தார்கள். மணமகனுக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒருவர், உதைக்கும்போது புதுச்செருப்பு கழன்று போனதால், அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பி வந்து உதைத்தார்.

உள்ளேயிருந்து வெங்கடலட்சுமி வந்தார். அப்போதுதான் அரைத்த மிளகாய்த் தூள் ஒரு பெரிய பேசினில் இருந்தது. அப்படியே அள்ளி அவர்கள் முகத்தில் வீசினார். ஒரு கை, இரண்டு கை, பிறகு பேசினோடு. வெள்ளை வேட்டிகள் செக்கச்செவேலென்று ஆயின. மூத்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறியபடி ஓடி, நேராகப் போய் அதே குழியில் விழுந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு புகாரை முழுவதும் கேட்டார். “நீங்க ரோட்டுக்குப் பணம் கட்டியிருக்கறீங்க. ரசீது வெச்சிருக்கறீங்க. அப்ப ரோடு உங்களுது. உங்க ரோட்டுல வந்து அவங்க விழுந்திருக்கறாங்க. நாயமாப் பாத்தா அவங்கதானுங்க உங்க மேல கேஸ் குடுக்கோணும்,” என்றார். மறுநாள் கொடுத்தார்கள். மிளகாய்த் தூள் வீசியதற்காக வெங்கடலட்சுமி மேலும் ஒன்று பதிவானது.

பஷீருக்கு மனசு ஆறவில்லை. ஒரு நாள் ஒர்க்ஷாப்பைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, கடப்பாரையோடு வந்து பலகையைப் பிடுங்கிப் போத்தனூர் ரயில்வே லைன் ஓரம் எறிந்துவிட்டுப் போனார். அடுத்த நாளே பேரூராட்சி ஆட்கள் சிமெண்ட், ஜல்லி, கம்பி எல்லாம் கொண்டுவந்து, ஆழமாகக் குழி எடுத்து, கான்கிரீட் போட்டுப் புதிய பலகையை நிறுத்தினார்கள். அந்தச் சாலையில் பேரூராட்சி போட்ட கான்கிரீட் அது ஒன்றுதான். மிக உறுதியாக இருந்தது.

மழைக்காலம் வந்தது. குழிகள் தண்ணீரில் மறைந்துபோனதால் விழுபவர்கள் கூடினார்கள். ஆட்டோக்காரர்கள், தபால்காரர், கேஸ் சிலிண்டர் வண்டிக்காரர், ஒரு முறை ஒரு பல் டாக்டர். எல்லாரும் பலகையைப் படித்துவிட்டு அம்புக்குறி காட்டிய வழியில் வந்தார்கள். தபால்காரர் மட்டும் முதலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு அடித்தார்.

பாலகோபால் மில்லை மூடிவிட்டுப் போயிருக்கலாம். பஷீரும் அதைத்தான் சொன்னார். “எங்கீங்க போறது? இருந்ததெல்லாம் இந்த ரோட்டுல போட்டாச்சு,” என்றார் பாலகோபால்.

மில்லுக்கு எதிரில் பேரூராட்சி ஊழியர் ஒருவர் குடையை விரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அரைக்க வருபவர்களை ஒரு பக்கமும் அடிக்க வருபவர்களை ஒரு பக்கமும் குறித்துக்கொண்டார். ஒரு மாதக் கணக்கு சேர்ந்தது. அதன் பிறகு நஞ்சப்பன் பாலகோபாலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நீங்க அம்பது பேருன்னு சொன்னீங்க. இப்ப அதைவிட மேல வருது. மறுமதிப்பீடு பண்ணவேண்டியிருக்குது. கூடுதல் கட்டணம் வருமுங்க.”

“ஐயா, பாதிப் பேர் என்னைய அடிக்க வர்றவங்கங்க.”

“வர்றாங்க இல்லீங்களா? காத்துலயா வர்றாங்க, ரோட்டுல வர்றாங்க. உங்க இடத்துக்கு வர்றாங்க. நீங்க இல்லீன்னா வருவாங்களா?” நஞ்சப்பன் குரலைத் தாழ்த்தினார். “அதுல ஒரு சங்கடமும் இருக்குதுங்க. அடிக்க வர்றவங்க கும்பலா ஒரே நேரத்துல வர்றாங்க. அரைக்க வர்ற பொம்பளைங்களுக்கு இடைஞ்சல். நீங்க பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும்னு அடிக்கு ஒரு நேரம் ஒதுக்கிட்டீங்கன்னா நெரிசல் குறையும். உங்க ஊட்டம்மாகிட்டச் சொல்லி அந்த நேரத்துல மிளகாய் அரைக்கறதை நிறுத்திரச் சொல்லுங்க.”

பாலகோபால் வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னார். வெங்கடலட்சுமி அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு பேரூராட்சிக்குக் கிளம்பினார். பாலகோபால் அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“உடுங்க என்னைய. ஒருத்தன் தலையையாவது சீவிப்போட்டு வாரேன்.”

“அவங்களை அடிச்சு என்ன பண்றது, லச்சுமி? நாமதான் காரணமுன்னு சொல்றாங்க.”

“அதை நீங்களும் நம்பறீங்களா?”

அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

தை மாதம் ஒரு மாலை, செங்கல் ஏற்றிய லாரி ஒன்று சாலையைக் கடக்கும்போது ஓரம் இடிந்து சாய்ந்தது. பின்னால் செங்கல் மேல் உட்கார்ந்திருந்த கிளீனர் பங்காரு அடியில் சிக்கிக்கொண்டார். மூன்று மாதம் கழித்துக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த ஆள். செங்கற்களை எடுத்துப் போட்டு வெளியே இழுத்தபோது நெஞ்சு தட்டையாகிக் கிடந்தது.

அந்தக் கூட்டம் வந்தபோது ஒருவர்கூட மரியாதையாகப் பேசவில்லை. யாரும் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளவும் இல்லை. பாலகோபாலைத் தெருவுக்கு இழுத்துப் போட்டார்கள். மண்வெட்டிக் காம்பு இடது முழங்கையில் விழுந்ததும் எலும்பு உடையும் சத்தம் அவருக்கே கேட்டது. செங்கல்லால் தலையில் அடித்தார்கள். தடுக்க வந்த வெங்கடலட்சுமியின் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். யாரோ லாரியிலிருந்து டீசலை எடுத்துவந்து மில்லுக்குள் ஊற்றிப் பற்றவைத்தார்கள். மாவும் பெல்ட்டும் சாக்குமாக நின்று எரிந்தது. மிளகாய் மூட்டையில் தீப் பிடித்ததும் நெடி தாங்காமல் அடித்தவர்கள் இருமிக்கொண்டே விலகிப் போனார்கள். அதனால்தான் பாலகோபால் பிழைத்தார்.

எதிர்ப்பக்கம் வழக்கம்போல உட்கார்ந்திருந்த பேரூராட்சிக் குடைக்காரர் கடைசி வரை இருந்து கணக்கு முடித்துக்கொண்டு போனார்.

பெரியாஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது பங்காருவின் தாய் தெய்வாத்தாள் தேடிக்கொண்டு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார். தலையில் கட்டு, கையில் மாவுக்கட்டு, விலாவில் பிளாஸ்திரி. அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. எங்கே அடிப்பது என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை.

பாலகோபால் போர்வைக்குள்ளிருந்து வலது பாதத்தை வெளியே நீட்டினார். அதில் மட்டும் காயம் இல்லை.

தெய்வாத்தாள் அந்தப் பாதத்தில் ஓர் அடி அடித்தார். பிறகு அதையே பிடித்துக்கொண்டு அழுதார். பாலகோபாலும் அழுதார். அந்த வார்டில் இருந்தவர்கள் இருவரும் தாயும் மகனும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் வீடு திரும்பிய சில நாட்களில் சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் முதலாம் ஆண்டு விழா வந்தது. பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முதலில் கட்டணம் செலுத்தியவர் என்பதால் பாலகோபாலை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அது கைக்கட்டுக்கு மேல் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

நஞ்சப்பன் அறிக்கை வாசித்தார். “மாவு மில் எரிந்துவிட்ட காரணத்தால் சாலை மேம்பாட்டுக்கான அவசியம் நீங்கிவிட்டது. அவசியம் இல்லாத பணியில் பொதுப் பணத்தைச் செலவிடுவது முறையல்ல. எனவே பணி நிறைவு பெற்றதாகக் கொள்ளப்படுகிறது. குழிகள், ஏற்கெனவே இருக்கும் மக்களுக்காக, இருக்கும்படியே விடப்படும்.”

அடுத்துப் பேரூராட்சித் தலைவர் எழுந்தார். மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. மனசுல இருக்கறதைச் சொல்றேனுங்க. முன்னால நான் வார்டு மெம்பரா இருந்தப்ப ஒரு வாத்தியாரு எங்க தெருக் குழியில விழுந்துட்டாரு. நேரா எங்க ஊட்டுக்கு வந்து, எம்பட பொண்டாட்டி புள்ளைங்க பாக்க, செருப்பைக் கழட்டி அடிச்சாரு. ரெண்டு நாள் நான் வெளிய வரலீங்க. இன்ஜினியருக்கு ஒருக்கா மண்டை உடைஞ்சுது. கிளர்க்குகளை வண்டியில இருந்து இழுத்துப்போட்டு மிதிச்சாங்க. இன்னைக்கு என்ன நிலைமைங்க? இந்தத் திட்டம் வந்ததுல இருந்து பேரூராட்சிக்காரர் ஒருத்தர் மேலயும் ஒரு அடி விழல. அடி குறைஞ்சுபோச்சான்னு கேட்டீங்கன்னா, இல்லீங்க. கூடித்தான் இருக்குது. ஆனா அது எங்க போய்ச் சேரோணுமோ அங்க போய்ச் சேருது. இதுக்குப் பேருதானுங்க நிர்வாகம்.”

கூட்டம் கைதட்டியது. பால்காரர் தட்டினார், தபால்காரர் தட்டினார். மேடையில் உட்கார்ந்திருந்த பாலகோபாலுக்கு ஒரு கைதான் கட்டில்லாமல் இருந்தது. அவர் அதைத் தொடையில் தட்டினார். பந்தலுக்கு வெளியே நின்றிருந்த வெங்கடலட்சுமி அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்து போனார்.

மற்ற ஊர்ப் பேரூராட்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து விவரம் கேட்டுப் போனார்கள். ஆறு மாதத்துக்குள் சுற்றுவட்டாரத்தில் புதிதாக யார் எதைக் கட்டினாலும் சாலை முனையில் ஒரு நீலப் பலகை முளைத்தது.

பஷீர் தன் ஒர்க்ஷாப்பில் பாலகோபாலுக்கு வேலை கொடுத்தார். முறிந்த கை கோணலாகத்தான் கூடியது. ஆனாலும் சைக்கிள் ஓட்ட முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடலட்சுமியைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு, வெள்ளக்கரடு என்ற பக்கத்து ஊரில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனார். முன் சக்கரம் சட்டென்று கீழே போனது. அவர் மண்ணில் விழுந்தார். வெங்கடலட்சுமி ஜல்லிக்கற்கள் மேல் முகம் குப்புற விழுந்தார்.

தூக்கி நிறுத்தியபோது அவருடைய கீழுதடு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. ரத்தம் புடவை நனைய ஓடியது. பாலகோபால் தன் தலையிலிருந்த துண்டை எடுத்து அழுத்தினார். நிற்கவில்லை.

பாலகோபால் நிமிர்ந்து பார்த்தார். ‘அவசியமாக்கியவர்: சின்னத்தாயி, இட்லிக் கடை.’ அம்புக்குறி வலது பக்கம் காட்டியது.

அவர் நடந்தார். வெங்கடலட்சுமி பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அவர் நிற்கவில்லை. ஓலைக் கொட்டகை போட்ட சின்னக் கடை. வாசலில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

“சின்னத்தாயிங்கறது?”

“நாந்தானுங்க. இருங்க, எங்க ஊட்டுக்காரரைக் கூப்பிடறேன். அடிக்கெல்லாம் அவர்தான் வருவாரு.”

ஒல்லியான ஒரு மனிதர் வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். “இந்தக் கன்னத்துல மட்டும் வேண்டாமுங்க. நேத்துத்தான் தையல் போட்டாங்க,” என்று மற்ற கன்னத்தைத் திருப்பினார்.

பாலகோபால் அதுவரை யாரையும் அடித்ததில்லை. கையை எப்படி ஓங்குவது என்று தெரியவில்லை. தன்னை அடித்தவர்கள் எப்படி ஓங்கினார்கள் என்று நினைத்துப் பார்த்தார். அதேபோல ஓங்கினார்.

அந்த மனிதர் சுவரில் போய் மோதினார். பாலகோபால் விடவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார். தையல் போட்ட பக்கமும் அடித்தார். கீழே தள்ளி உதைத்தார். ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் அழுதுகொண்டே உதைத்தார். கடைசியில் வெங்கடலட்சுமி ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார். கிழிந்த உதட்டின் ரத்தம் அவர் முதுகை நனைத்தது.

எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். பிறகு சின்னத்தாயி கணவரைத் தூக்கி உட்காரவைத்தார். வெங்கடலட்சுமிக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, எட்டரை மணிக்குப் பஸ் வரும், அதுவரை உட்காருங்கள் என்றார். பெஞ்சில் இரண்டு தட்டு வைத்து இட்லி போட்டார்.

அடிபட்டவர் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். தையல் பிரிந்து காதோரம் ரத்தம் வழிந்தது. சட்னிப் பாத்திரத்தை எடுத்தவர், வெங்கடலட்சுமியின் உதட்டைப் பார்த்துவிட்டு மறுபடி கீழே வைத்தார்.

“சட்னி காரமுங்க. புண்ணுல பட்டா எரியும்,” என்றார். “சக்கரை போடச் சொல்லட்டுங்களா?”

பாலகோபால் தலையை ஆட்டினார். இட்லியைப் பிட்டு மனைவிக்குக் கொடுக்கப் பார்த்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. அந்த மனிதர் அதைப் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, இட்லியைச் சின்னச்சின்னதாகப் பிட்டு வைத்து, திரும்ப அவர் முன்னால் நகர்த்தினார்.